எட்டுக் காளிச்சாமியும் ரெண்டாவது தடவையும்

கேரள எல்லையில இருக்கிற மீனாட்சிபுரத்துல எறங்கி காளிச்சாமி ஊடு எதுன்னு கேட்டா, எந்தக் காளிச்சாமின்னு திருப்பிக் கேப்பாங்க. எட்டுக் காளிச்சாமின்னு சொன்னாப் போதும். பால் சொசைட்டிக்கு எதுத்த சந்துல கடைசி ஊடுன்னு கையைக் காட்டிட்டு, கூடவே ஒரு வார்த்தை சேத்துச் சொல்லுவாங்க: "பெரிய மூளைக்காரருங்க." அந்த மூளையை வெச்சு அவர் என்ன பண்ணினாருன்னு மட்டும் கேட்டுடாதீங்க. ஊர் சித்த நேரம் யோசிக்கும், அப்புறம் வேற பேச்சுக்குப் போயிரும்.

எட்டு வந்த கதை இதுதான். காளிச்சாமி நாலாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தைப் பாக்க ஒரு கல்வி ஆபீசரு, ஏ.இ.ஓ., வந்தாரு. வந்தவரு நாற்காலியில உக்காந்து, டீயைக் குடிச்சிட்டு, பசங்களைப் பாத்து ஒரு கணக்குப் போட்டாரு. பத்து முழப் பனைமரத்துல ஒரு நத்தை ஏறுது. பகல்ல மூணு முழம் ஏறும், ராத்திரி ரெண்டு முழம் சறுக்கும். உச்சிக்குப் போக எத்தனை நாளாகும்?

மொத பெஞ்சுல இருந்த பெரியமுத்து எந்திரிச்சு, "பத்து நாளுங்க"ன்னான். வாத்தியாரு அவன் மண்டையில ஒரு கொட்டு வெச்சு, "மக்கு"ன்னாரு. அடுத்தாப்ல காளிச்சாமி. "எட்டு நாளுங்க சார். ஏழு நாள்ல ஏழு முழம் வந்துரும். எட்டாம் நாள் பகல்ல மூணு முழம் ஏறினா உச்சிக்குப் போயிரும். அப்புறம் எங்கீங்க சறுக்கறது?" ஏ.இ.ஓ. எந்திரிச்சு வந்து அவனைத் தூக்கி பெஞ்சு மேல நிக்க வெச்சாரு. இந்தப் பையனுக்குப் பொறவி மூளைன்னு மலையாளத்துல சொன்னாரு. அது யாருக்கும் முழுசாப் புரியலை, ஆனா எல்லாரும் நம்பினாங்க.

அந்த எட்டைப் பத்தி காளிச்சாமிக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு சங்கதி உண்டு. அதை அவர் யார்கிட்டயும் சொன்னதில்லை, கட்டின பொண்டாட்டிகிட்டக்கூட.

பெரியமுத்து கதை சின்னது. அன்னையிலிருந்து மொத பெஞ்சுல உக்காரலை. கொஞ்ச நாள்ல கடைசி பெஞ்சுலயும் உக்காரலை. அந்த வருசக் கடைசியில பள்ளிக்கூடத்தை உட்டுட்டு ஆடு மேய்க்கப் போனான். இன்னைக்கு ஊர்ல தேங்காய் உரிக்கிறதுக்கு அவரைத்தான் கூப்பிடணும். மண்டையில ஒண்ணுமில்லீங்கன்னு அவரே சொல்லிட்டு, அவரே சிரிப்பாரு.

ஊருக்கு இதுல ஒரு பாடம் கெடைச்சுது. மூளைங்கிறது மச்சம் மாதிரி, பொறக்கும்போதே இருக்கணும். இருக்கிறவனுக்கு எதுவும் ஒருக்காவுலயே வந்துரும். ரெண்டாவது தடவை ஒருத்தன் முயற்சி பண்றான்னா, அவனுக்கு இல்லைன்னு அர்த்தம். காளிச்சாமி இந்தப் பாடத்தை மத்தவங்களைவிட நல்லாப் படிச்சுக்கிட்டாரு. பாவம், வேற வழியுமில்லை. மூளைக்காரன்னு பேர் வாங்கின பொறகு, வரலைன்னு ஒருக்கா ஊர் பாத்துட்டா அந்தப் பேரைத் திருப்பிக் குடுக்கணுமல்லோ. அதனால எதையும் ஒருக்கா செஞ்சு பாக்கறது, வந்தா வெச்சுக்கறது, வராட்டி அந்தச் சோலியே ஆகாத சோலின்னு சொல்லிடறதுன்னு ஒரு முறை வெச்சுக்கிட்டாரு.

சைக்கிள்ல ஒருக்கா ஏறினாரு. வாய்க்கால்ல போய் விழுந்தாரு. எந்திரிச்சு, டவுசரைப் பிழிஞ்சுக்கிட்டே, "நடக்கறதுதான் ஒடம்புக்கு நல்லது"ன்னாரு. அன்னையிலிருந்து நடைதான். கெணத்துல நீச்சல் ஒருக்கா. ரெண்டு மடக்குத் தண்ணி உள்ள போனதும் மேல வந்து, மனுசன் என்ன மீனான்னு கேட்டாரு. கவர்மெண்டு வேலைக்கு பி.எஸ்.சி. பரீட்சை ஒருக்கா எழுதினாரு, கெடைக்கலை. கவர்மெண்டு உத்தியோகம் அடிமைச் சோலின்னு கண்டுபிடிச்சாரு. பாலக்காட்டு பஸ் ஸ்டாண்டுல ஒருக்கா மலையாளம் பேசினாரு. கண்டக்டர் சிரிச்சான். அதுக்கப்புறம் கேரளாவுலயே குடியிருந்துக்கிட்டு, மலையாளத்துல ஒரு வார்த்தை பேசாம, தலையையும் கையையும் ஆட்டியே காலத்தைத் தள்ளிட்டு வர்றாரு. தக்காளி ஒருக்கா போட்டாரு. அதைப் பத்தி ஊட்டுல பேசறதில்லை.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். நம்மாளுக்கு ஊர்ல இருக்கிற கூடம் அத்தனையும் கோணல்.

பொழப்புக்கு என்ன பண்ணினாருன்னா, அப்பன் வெச்சுட்டுப் போன தென்னந்தோப்பு இருந்துச்சு. தென்னை தானாக் காய்க்கும். மிச்ச நேரம் பேக்கரி பெஞ்சுல உக்காந்து ஊருக்கு யோசனை சொல்லுவாரு. யோசனை சொல்றவனுக்கு ஒரு சௌகரியம், செஞ்சு பாக்கறது அடுத்தவன் பாடு.

பொண்ணு பாக்கப் போனதும் ஒருக்காத்தான். பொள்ளாச்சிப் பக்கம் ராசம்மாளைப் பாத்தாரு, சரின்னுட்டாரு. வாழ்க்கையில அவர் ஒருக்கா செஞ்சு உருப்படியா வந்தது அது ஒண்ணுதான். அதுவும் ராசம்மாள் பண்ணினது.

ராசம்மாளுக்கு அதோட ஊர்ல வேற பேரு. பத்தாவதை மூணு தடவை எழுதியும் பாஸாகலை, மண்டையில களிமண்ணுன்னு பெத்த அம்மாவே சொல்லும். களிமண்ணுன்னு ஆயிப்போச்சு, இனி எதுக்கு வெக்கப்படறதுன்னு ராசம்மாள் எதுல வேணும்னாலும் கையை வெச்சுது. மொபெட் பழகும்போது அந்தத் தெருவுல அது மோதாத வேலி இல்லை. பால் கேனைக் கட்டிக்கிட்டு சொசைட்டிக்குப் போய், பால் அளக்கிற பினுகிட்டத் தப்புத் தப்பா மலையாளம் பேசும். பினு சிரிச்சுச் சிரிச்சுத் திருத்துவான். இப்ப பாலு கெட்டி பத்தலைன்னு அவன் சொன்னா, மலையாளத்துலயே அவன்கூடச் சண்டை கட்டுது. கறக்கறது, சாணி அள்ளறது, தீவனம் கலக்கறது, தேங்காய்க்காரன்கூடப் பேசறது எல்லாம் ராசம்மாள்தான். ஊட்டுல மூளைக்காரரு இருக்காரல்லோ, அவரை இதுக்கெல்லாம் தொந்தரவு பண்ண முடியுமா?

புள்ளை ஒண்ணு, யோகப்பிரியா. அது பேச ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே, அப்பன் மூளைன்னு ஊர் முடிவு பண்ணிருச்சு. படிக்கிற புள்ளைன்னு சாணித் தண்ணியைக்கூடத் தொட உட்டதில்லை. பத்தாவதுல தமிழ் மீடியத்துல எல்லாப் பாடத்துலயும் ஏ பிளஸ். முக்குல ஃபிளெக்ஸ் வெச்சாங்க. காளிச்சாமி நாள் தவறாம அந்தப் பக்கமாவே பேக்கரிக்குப் போனாரு. "நம்ம ஊட்டுல ரெண்டாவது தடவைங்கிற பேச்சே கெடையாது"ன்னு பெஞ்சுல உக்காந்து சொன்னாரு. ராசம்மாளை அந்த ஊட்டுக் கணக்குல அவர் சேக்கலை.

பிளஸ் ஒன்னுக்குக் கொஞ்சம் தொலவு போக வேண்டியிருந்துச்சு. பிசிக்ஸ் புஸ்தகம் இங்கிலீசுல, டீச்சர் நடத்தறது மலையாளத்துல. விசை, திசைவேகம்னு தமிழ்ல கரைச்சுக் குடிச்சது அங்கே செல்லலை. பக்கத்துல இருக்கிற புள்ளைங்க தலையை ஆட்டினாங்க, இதுவும் ஆட்டுச்சு. கையைத் தூக்கிக் கேட்டிருக்கலாம். கேட்டா, புரியலைன்னு தெரிஞ்சிருமே. அப்பன் மூளைன்னு பேர் எடுத்த புள்ளை எப்படிக் கேக்கும்? கிறிஸ்துமஸ் பரீட்சையில பிசிக்ஸ்ல தோத்துப் போச்சு.

லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்தப்ப வயித்துவலின்னு படுத்துச்சு. அடுத்த வாரம் தலைவலி. அதுக்கடுத்த வாரம் வலியெல்லாம் தீந்து போயி, நேராவே சொல்லிருச்சு.

"எனக்கு மூளை தீந்து போச்சுங்கப்பா. பத்தாவது வரைக்குந்தான் இருந்திருக்குது. இனிப் போகலீங்க."

காளிச்சாமி புஸ்தகப் பையை எடுத்து அது பக்கத்துல வெச்சாரு.

"பிசிக்ஸெல்லாம் ஒரு படிப்பாங்கப்பா?" அப்படின்னு யோகப்பிரியா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குச்சு.

அந்தக் கேள்வி காளிச்சாமிக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. கிளாஸ் டீச்சர் போன் பண்ணி, இன்னும் கொஞ்ச நாள் வராமப் போனா வருசப் பரீட்சை எழுத உட மாட்டாங்கன்னு சொன்னாங்க. ராசம்மாள்தான் பேசுச்சு. காளிச்சாமி பேக்கரிக்குப் போய், புள்ளைக்குக் காய்ச்சல்ன்னு சொன்னாரு. மனசுக்குள்ள அவருக்கு வேற பயம். அப்பன் மூளைன்னுதானே சொன்னாங்க. அப்பன்கிட்ட இருந்தாத்தானே புள்ளைக்கு வர்றதுக்கு.

ராசம்மாள் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "படிக்கப் போ அம்மிணி, தோத்தா என்ன, நான் தோக்காததா"ன்னு சொல்லிப் பாத்துச்சு. அது பேச்சு எடுபடலை. களிமண்ணு சொல்றதை மூளைக்காரங்க எங்கே கேக்கறாங்க?

இந்த நேரம் பாத்துத்தான் ராசம்மாள் கட்டுத்தரையில சாணி வழுக்கி விழுந்துச்சு. வலது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு, முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. கன்னு போட்டுக் கொஞ்ச நாளே ஆன செவலை மாடு, மடி நெறையப் பாலோட நின்னுச்சு. பக்கத்து ஊட்டுக் குப்பண்ணன் வந்து கறந்து குடுத்தாரு. நல்ல மனுசன். ஆனா தைப்பூசம் வந்துருச்சு. பழனிக்கு நடக்கிறதுன்னு மாலை போட்டிருந்த மனுசன், "ஏப்பா எட்டு, நான் முருகன்கிட்ட நாள் தள்ளிப் போட முடியாது, நாலு நாளைக்கு நீயே பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு, பச்சை வேட்டியைக் கட்டிக்கிட்டுக் கூட்டத்தோட கெளம்பிட்டாரு. தெருவுல பாதிப் பேரு அந்தக் கூட்டத்துல போயிட்டாங்க. மிச்சம் இருந்தவங்களுக்கு அவங்கவங்க மாடே பெரும்பாடு. அதோட செவலை யாரையும் லேசுல கிட்ட உடாது.

ஆக, கறக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு கையைக் கட்டித் தொங்கப் போட்டுக்கிட்டுக் கட்டில்ல உக்காந்திருந்துச்சு. ஊட்டோட ரெண்டு மூளையும் விடியறப்ப கட்டுத்தரையில மாட்டுக்கு முன்னால நின்னுச்சு.

"ஏனுங்க, மடியைக் கழுவுங்க," ராசம்மாள் கட்டில்ல இருந்தே சொல்லுச்சு. "கையில எண்ணெய் தொட்டுக்கங்க. கன்னை உட்டு ஊட்ட வெச்சுச் சொரப்பு எறங்கினதும் இழுத்துக் கட்டிட்டுக் கறங்க."

"தெரியும் புள்ள," அப்படின்னாரு காளிச்சாமி. பேக்கரியில உக்காந்து எத்தனையோ பேருக்கு மாட்டு யோசனை சொன்னவராச்சே.

கன்னை உட்டாரு. கன்னு ஊட்டுச்சு. எப்ப இழுக்கிறதுன்னு தெரியாம அது பாதியைக் குடிச்ச பொறகு இழுத்தாரு. குத்தவெச்சு உக்காந்து, போசியை முழங்காலுக்கு நடுவுல இடுக்கி, காம்பைப் புடிச்சு இழுத்தாரு. ஒண்ணும் வரலை. இன்னும் நல்லா இழுத்தாரு. செவலை திரும்பி அவரை ஒரு பார்வை பாத்துட்டு, பின்னங்காலை எடுத்துப் போசியைத் தள்ளுச்சு. போசி ஒரு பக்கம், காளிச்சாமி ஒரு பக்கம்.

எந்திரிச்சாரு. வேட்டியில ஒட்டின சாணியைத் தட்டினாரு. வழக்கமாச் சொல்றதைச் சொல்ல வாயைத் தொறந்தாரு. இந்த மாட்டுக்குப் புத்தியில்லை, வித்துரலாம்னு சொல்லப் போனாரு.

அதுக்கு முந்தி யோகப்பிரியா சொல்லிருச்சு. "ஒருக்காப் பாத்தாச்சல்லோ, உடுங்கப்பா. நம்மளுக்கு வராது."

கேலியாச் சொல்லலை. பாசமாச் சொல்லுச்சு. ஒரு மாசமாச் சிரிக்காத புள்ளை லேசாச் சிரிச்சுக்கிட்டு, அப்பன் தோளுல இருந்த வைக்கோலை எடுத்துப் போட்டுச்சு. அதுக்குத் துணை கெடைச்சிருச்சு. அப்பனும் தன்னை மாதிரித்தான்னு அதுக்கு ஒரு நிம்மதி.

அந்தச் சிரிப்பைப் பாத்ததும் காளிச்சாமி தொறந்த வாயை மூடிக்கிட்டாரு. இந்தப் புள்ளைக்கு என்ன வயசாச்சு? இன்னும் அம்பது வருசம் இருக்குது. இந்த அம்பது வருசமும் ஒவ்வொண்ணையா ஒருக்காத் தொட்டுப் பாத்துட்டு, இது ஆகாது அது ஆகாதுன்னு சொல்லிக்கிட்டு, கடைசியில என்னை மாதிரி பெஞ்சுல வந்து உக்காருமான்னு நெனச்சாரு. சைக்கிளு, கெணறு, பரீட்சை, மலையாளம் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துச்சு. தக்காளிகூட வந்துச்சு.

"இப்பக் கறக்காட்டிச் சாயங்காலத்துக்குள்ள மடி கல்லாட்டம் ஆயிரும்," உள்ள இருந்து ராசம்மாள் சத்தம். "அப்புறம் மடிநோய் வந்து மாடே போயிரும். என்னங்க பண்றீங்க ரெண்டு பேரும்?"

காளிச்சாமி கீழ கெடந்த போசியை எடுத்தாரு. தொட்டியில கழுவினாரு. திரும்பி வந்து மாட்டுக்கிட்ட உக்காந்தாரு.

இதுல என்ன பெருசு இருக்குதுன்னு கேப்பீங்க. தோத்த ஒரு காரியத்துகிட்ட அந்த மனுசன் திரும்பிப் போனது அதுதான் மொத தடவை. பயமா இருந்துச்சு. மாடு உதைக்கும்னு இல்லை. புள்ளை பாத்துக்கிட்டு நிக்குதேன்னு.

"ராசம்மா, வரமாட்டேங்குது. எப்படிக் கறக்கிறது?" அப்படின்னு உள்ளபக்கம் கேட்டாரு.

கண்ணாலம் ஆன நாள்ல இருந்து இந்த மனுசன் எப்படின்னு எதையும் கேட்டதில்லை. ராசம்மாள் ஒரு கையால தலைவாசல் நெலையைப் புடிச்சுக்கிட்டு வெளிய வந்து நின்னுச்சு.

"இழுக்கக் கூடாதுங்க. மேல கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேத்து அடைச்சுக்கங்க. பால் மேல ஏறக் கூடாது. அப்புறம் மத்த விரலை ஒண்ணொண்ணா மடக்குங்க. ஆடுற மாட்டை ஆடிக் கறக்கோணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கோணும்."

"இது எந்த மாடு?"

"இது திட்டினாத்தான் குடுக்கும். நான் திட்டறன், நீங்க கறங்க."

ராசம்மாள் திட்டுச்சு. மாட்டைத்தான் திட்டுச்சு, ஆனா பாதி வேற யாருக்கோ பட்டுச்சு. காளிச்சாமி விரலை மடக்கினாரு. ஒரு பீச்சு தரையில விழுந்துச்சு. ஒரு பீச்சு முழங்கால்ல. மூணாவது போசிக்குள்ள விழுந்து சர்ருன்னு சத்தம் கேட்டுச்சு. யோகப்பிரியா பக்கத்துல வந்து எட்டிப் பாத்துச்சு. கை வலிக்கிற அளவுக்குக் கறந்தும் கால் போசிகூட நெறையலை. மிச்சத்தை, ராசம்மாள் சொன்னபடி, கன்னை உட்டே குடிக்க வெச்சு மடியை எளக்கினாங்க.

"இத்தனையூண்டு பாலை ஊட்டுக்கே வெச்சுக்கலாமுங்க," அப்படின்னு ராசம்மாள் சொல்லுச்சு.

காளிச்சாமிக்கும் அதுதான் ஆசை. ஆனா ஒளிச்சா புள்ளை பாக்கும். "இல்லை, சொசைட்டிக்குக் கொண்டு போறன். அம்மிணி, நீயும் வா. பினுகிட்டப் பேசோணும்னா எனக்கு வராதல்லோ."

பெரிய கேன்ல அடியில கொஞ்சம் பாலு தளும்பத் தளும்ப, அப்பனும் மகளும் தெருவைத் தாண்டிப் போனாங்க. சொசைட்டியில வரிசை நின்னுச்சு. பால்காரங்க எல்லாரும் கேனைப் பாத்தாங்க, வேட்டியில இருந்த சாணியைப் பாத்தாங்க. டீக்குப் பால் வாங்க வந்த பெரியமுத்துவும் தூணைச் சாஞ்சு நின்னாரு.

பினு கேனைத் தூக்கிப் பாத்துட்டு மறுபடி கீழ வெச்சான். "காளிச்சேட்டா, இது டீக்கா? மிசின்ல காட்டாது."

வரிசையில சிரிப்பு. "கறந்தது ஆரு?"ன்னு பின்னால ஒருத்தரு.

"நாந்தான்," அப்படின்னாரு காளிச்சாமி. "மொதத் தடவை வரலை. இது ரெண்டாவது தடவை கறந்தது."

சிரிப்பு நின்னு போச்சு. அவர் வாயில ரெண்டாவதுங்கிற வார்த்தையை ஊர் கேட்டதில்லை. பெரியமுத்து மட்டும் இன்னும் சிரிச்சுக்கிட்டே, "எட்டுன்னு ஒரே அடியில சொன்ன ஆளு, ஒரு மாட்டுகிட்டத் தோத்துப் போச்சாக்கும்"னாரு. மனசுல ஒண்ணும் வெச்சுச் சொல்லலை, வெள்ளைப் பேச்சு.

காளிச்சாமி மகளைப் பாத்தாரு. அது தரையைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. இப்பச் சொல்லாட்டி இனி என்னைக்கும் சொல்ல மாட்டோம்னு அவருக்குத் தோணுச்சு.

"அந்த எட்டும் ரெண்டாவதுதான் பெரியமுத்து."

"என்னது?"

"அதுக்கு முந்தின நாள் நோம்பிக்கு எங்க மாமன் வந்திருந்தாரு. அதே நத்தைக் கணக்கை ஊட்டுல வெச்சுக் கேட்டாரு. நான் பத்துன்னுதான் சொன்னேன். மண்டையில கொட்டிப் போட்டு, சுவத்துல கரியில மரத்தைப் போட்டு, நத்தையை ஏத்தி எறக்கிக் காட்டினாரு. அடுத்த நாள் அந்த ஆபீசரு வந்து அதையே கேட்டாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

யோகப்பிரியா நிமுந்து அப்பனைப் பாத்துச்சு. நாப்பது வருசத்துக்கு மேலாத் தூக்கிட்டுத் திரிஞ்சதை எறக்கி வெச்சிட்டாரு.

பெரியமுத்து தூணை உட்டு நகந்து வந்தாரு. கோவமா இல்லை. ரொம்ப மெதுவா, ஒரு கணக்கைச் சரி பாக்கிற மாதிரி கேட்டாரு. "அப்ப நீயும் மொதல்ல பத்துன்னுதான் சொன்னயா?"

"ஆமா."

"அதே பத்தா?"

"அதே பத்துதான்."

"அடப்பாவி," அப்படின்னாரு பெரியமுத்து. "அதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் அஞ்சாவது போயிருப்பனே."

பால் வாங்கறதையும் மறந்துட்டு, தூக்குப்போசியை ஆட்டிக்கிட்டே போயிட்டாரு. காளிச்சாமிக்குத் தன் பேரு போனது பெருசாத் தெரியலை. அந்தாளு முதுகைப் பாக்கத்தான் முடியலை. பினு கேன்ல இருந்த பாலை ஒரு பாத்திரத்துல ஊத்தித் திருப்பிக் குடுத்து, வைகுந்நேரம், அதான் சாயங்காலம், கொண்டு வாங்கன்னான்.

திரும்பி வர்றப்ப யோகப்பிரியா ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "பத்துன்னு சொன்னப்ப, மாமன் உங்களை மக்குன்னு சொன்னாருங்களா?"

"இல்லை கண்ணு. தப்புன்னு சொன்னாரு."

சாயங்காலம் பொழுதோட கறக்க உக்காந்தப்ப ராசம்மாள் நாற்காலியைக் கட்டுத்தரைக்கே இழுத்துப் போட்டுக்கிட்டு, உக்காந்து திட்டுச்சு. அரைப் போசிக்குக் கிட்ட வந்துச்சு. நடுவுல யோகப்பிரியா, "நான் பாக்கட்டுங்களா?"ன்னு வந்து உக்காந்து காம்பைப் புடிச்சுது. ஒரு சொட்டு வரலை. "வரலீங்கப்பா"ன்னுச்சு. "எனக்கும் வரலை"ன்னாரு. புள்ளை எந்திரிச்சுப் போகலை, தலைக்கயித்தைப் புடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னுச்சு.

அந்த நேரம் படலைத் தள்ளிக்கிட்டு ஒரு ஆளு வந்தாரு. பெரியமுத்து. உரிச்ச தேங்காய் நாரு சட்டையில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மாட்டுக்கு எதுத்தாப்ல நின்னு, சித்த நேரம் கறக்கறதையே பாத்தாரு. காளிச்சாமிக்குப் பயம், திட்டப் போறாருன்னு. திட்டினா வாங்கிக்கலாம்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"மத்தியானம் சோறே எறங்கலை," பெரியமுத்து சொன்னாரு. "வேற ஒரு கணக்கு இருந்தாக் கேளு. சொல்லிப் பாக்கறன்."

"எனக்கு அந்த ஒரு கணக்குத்தானப்பா தெரியும்."

பெரியமுத்து நின்னபடியே நின்னாரு. போறதுக்கு மனசில்லை, கெஞ்சறதுக்கும் பழக்கமில்லை. அம்பது வயசுக்கு மேல ஒரு மனுசன் கணக்குக் கேட்டுட்டு நிக்கறதைப் பாத்து யோகப்பிரியாவுக்கு என்ன தோணுச்சோ, கயித்தை உடாமயே கேட்டுச்சு.

"ஏனுங்க மாமா, ஒரு பெரிய கல்லு, ஒரு சின்னக் கல்லு. ரெண்டையும் ஒரே நேரத்துல கெணத்துல போட்டா, எதுங்க முன்னால தண்ணியில விழும்?"

பெரியமுத்து நல்லா யோசிச்சாரு. மேல பாத்தாரு, கீழ பாத்தாரு. "பெருசு."

"இல்லீங்க மாமா. ரெண்டும் ஒண்ணா விழுமுங்க."

அவர் கை தானா மண்டைக்குப் போச்சு, கொட்டு விழப் போற எடத்துக்கு. கொட்டு விழலை. கையைக் கீழ எறக்கிட்டு, "அதெப்படி அம்மிணி, பெருசுக்கு கனம் சாஸ்தியல்லோ?"ன்னு கேட்டாரு.

யோகப்பிரியா சொல்ல ஆரம்பிச்சுது. பாதியில நின்னுச்சு. மறுபடி ஆரம்பிச்சு மறுபடி நின்னுச்சு. முகம் செவந்து போச்சு. எப்பவும் அந்த எடத்துல தலையை ஆட்டிட்டு எந்திரிச்சுப் போற புள்ளை.

"எனக்கே முழுசாப் புரியலீங்க மாமா," அப்படின்னுச்சு. "நாளைக்கு டீச்சர்கிட்டக் கேட்டுட்டு வந்து சொல்றனுங்க."

காளிச்சாமிக்குக் கை நின்னு போச்சு. நாளைக்கு. டீச்சர்கிட்ட. வாயைத் தொறந்து ஏதாவது சொன்னா அது கலைஞ்சு போயிருமோன்னு, நெத்தியைச் செவலை வயித்துல சாச்சுக்கிட்டாரு. அழுதாரு. மாட்டு வயித்துக்குள்ள முகத்தை வெச்சுக்கிட்டதால யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சாரு. நாற்காலியில இருந்த ராசம்மாள் மாட்டைத் திட்டறதை நிறுத்திட்டு, அவர் முதுகைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்துச்சு.

திட்டு நின்னதும் செவலை காலைத் தூக்குச்சு. போசி கவுந்து, கறந்த பாலு அத்தனையும் தரையோட போச்சு. காளிச்சாமி கண்ணைத் தொடைச்சிட்டு, போசியை நிமுத்தி, மறுபடி காம்பைப் புடிச்சாரு.

"செரி அம்மிணி," அப்படின்னு பெரியமுத்து படலைச் சாத்தினாரு. "நாளைக்கு வாரன்."